ஓரிரு இடங்களில்

போன செவ்வாய்க்கிழமை சுமதி போன் செய்தாள். பெரம்பலூரில் எங்கள் வானிலைப் பிரிவில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள். நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் மாதம் ஒருமுறையாவது பேசுவாள்.

"மேடம், இப்பல்லாம் வாராந்திர அறிக்கைய கம்ப்யூட்டரே எழுதிடுது. நாங்க மாவட்டத்துப் பேரை மாத்திப் போட்டு அனுப்புறதோட சரி. நீங்கல்லாம் கையால எப்புடி எழுதுனீங்கன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. புதுசா வந்தவங்க படிக்கட்டும்."

அன்றைக்கு வெளியான அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். கடலோர மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய உள் மாவட்டங்களிலும் வரும் ஐந்து நாட்களில் 'ஓரிரு இடங்களில்' மழை பெய்யக்கூடும் என்று இருந்தது. அந்த வாரத்துக்கு அது சரியான கணிப்பாகவே இருக்கலாம். இருந்தும் அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பு எரிந்தது. கட்டுரை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவள் எதிர்பார்க்கிற கட்டுரையாக இது இருக்காது.

மழை அறிக்கையில் வரும் சொற்கள் வாய்க்கு வந்தபடி போடுகிறவை என்று பலர் நினைக்கிறார்கள். டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை. ஒரு பகுதியில் நூறு மழைமானி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருபத்தைந்துக்குள் மழை பதிவானால் 'ஓரிரு இடங்கள்'. ஐம்பது வரை 'சில இடங்கள்'. எழுபத்தைந்து வரை 'பல இடங்கள்'. அதற்கு மேல் போனால் 'பெரும்பாலான இடங்கள்'. மழையின் அளவுக்கும் இப்படித்தான். ஏழு சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தெரிந்துகொண்டே ஒருவர் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால், அவர் பொய் சொல்கிறார். இதை இப்படிப் பச்சையாக எழுத நான் ஓய்வு பெற வேண்டியிருந்தது.

நான் ரெட்டிபாளையத்துப் பெண். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலைதான். அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றினார். வானத்தைப் பார்க்கிற வேலைக்கு நான் போகிறேன் என்றதும், "அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். சென்னையில் ஆறு மாதம் பயிற்சி. அங்கே கற்றதில் இன்றைக்கும் மனதில் நிற்பது ஒன்றுதான். பயிற்சி கொடுத்த பெரியவர் ஒரு நாள் என் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "நேத்து சாயங்காலம் தூறுச்சே, ஏன் எழுதல?" என்றார். அளவு ஜாடியில் ஒட்டக்கூட இல்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றேன். "அளக்க முடியலைன்னா தடம்னு எழுது. பெஞ்சதைப் பெய்யலன்னு சொல்ல உனக்கு அதிகாரம் கிடையாது" என்றார்.

பிறகு பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து இயங்கிய எங்கள் பிரிவில் சேர்ந்தேன். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானி. வேலிக்குள் போய், மேல் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் குப்பியைத் தூக்கி, அளவு ஜாடியில் ஊற்ற வேண்டும். ஜாடியை மட்டமான பலகையில் வைத்துவிட்டு, நாம் குனிந்து, தண்ணீரின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். நின்றபடி பார்த்தால் அளவு தப்பும். பிறகு வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானிகள். ஈரப்பதம் அளக்கும் வெப்பமானியின் ஈரக் குமிழில் சுற்றிய துணி காய்ந்திருக்கிறதா, அதில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்த அளவை அங்கேயே, வேலிக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். அறைக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதக்கூடாது.

செவ்வாயும் வெள்ளியும் அறிக்கை நாள். பிற்பகலில் மேலிடத்திலிருந்து கடலோரப் பகுதிக்கான அந்த வாரத்து நிலவரம் ஆங்கிலத்தில் வரும். அதைப் பார்த்து, எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் தமிழில் வரைவு எழுதி, கூடவே பயிருக்கு என்ன செய்யலாம் என்று நாலு வரி சேர்ப்பது என் வேலை. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூரில் தெற்கே கொள்ளிடக் கரையோரம் திருமானூர் பக்கமெல்லாம் நெல்லும் கரும்பும். மழை வருகிறது என்றால் ஆளுக்கொரு விதமாகச் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு அலுவலர் கையெழுத்து. நான்கு மணிக்கு விவசாயிகளுக்கு அறிக்கை போய்விடும். நாலரைக்கு போன் அடிக்க ஆரம்பிக்கும்.

அலுவலர் என்று சொன்னேன். அவர் பெயரை எழுத எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் அவரைப் போல நாலு பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவர் பெயரை எழுதினால் மற்ற மூவர் தப்பித்துக்கொள்வார்கள். அதனால் அலுவலர் என்றே இருக்கட்டும்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் "அம்மா", "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். போனவுடன் உட்காரச் சொல்வார். தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். நம் வரைவை மேஜையில் விரித்து, ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்திப் படிப்பார். பிடிக்காத சொல் வந்தால் விரல் அங்கேயே நின்றுவிடும். பேச மாட்டார். நாமே, "சார், இதை மாத்தணுமா?" என்று கேட்கும்வரை விரல் நகராது. மாற்ற வேண்டும் என்றால் பேனாவை எடுக்கவே மாட்டார். வெட்டுவது, சுழிப்பது, ஓரத்தில் குறிப்பெழுதுவது எதுவும் கிடையாது. "நல்ல தாள்ல மறுபடி எழுதிக் கொண்டாங்கம்மா, அசிங்கமா இருக்கக்கூடாது" என்பார். பழைய தாளை வாங்கி, நாலாக மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கோப்பில் இருப்பது நம் கையெழுத்தில் நாம் எழுதிய வரைவு. அதன் கீழே 'ஒப்புதல்' என்று பச்சை மையில் அவர் கையெழுத்து. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இருக்காது. எங்கள் கோப்புகளைப் போலச் சுத்தமான கோப்பு எங்குமே இல்லை என்று தணிக்கைக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தச் சுத்தம் எதற்கு என்று எனக்குப் புரிய ஏழு வருடம் ஆனது.

அவர் ஆரம்பத்திலேயே அப்படி இருந்தவர் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடம் ஐப்பசியில், கடலில் உருவான தாழ்வு மண்டலம் நேரே நம் பக்கம் வருகிறது என்று மேலிடம் சொன்னது. நாங்களும் இரண்டு மாவட்டத்துக்கும் மிக கனமழை என்று எழுதினோம். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தாழ்வு மண்டலம் வடக்கே ஆந்திரா பக்கம் திரும்பிப் போய்விட்டது. பெரம்பலூரில் சுள்ளென்று வெயில். ஒரு பெரிய அதிகாரி இவரைக் கூப்பிட்டு, பத்துப் பேருக்கு முன்னால், "வெயில்ல குடை பிடிக்கவா லீவு விட்டோம்?" என்று கேட்டாராம். விளக்கம் கேட்டு மெமோவும் வந்தது. அவருக்காக நானும் வருத்தப்பட்டேன். ஆனால் அந்த ஒரு நாள் அவமானத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து இருக்கிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் அறிக்கையில் 'பெரும்பாலான' என்ற சொல்லே வரவில்லை.

இப்படியே ஏழு வருடம் ஓடியது. பிறகு ஒரு கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. மேலிடத்து நிலவரம் வந்ததும் படித்துப் பார்த்தேன். தென்மேற்கு வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி, வியாழன் வெள்ளியில் கரையை நெருங்கும், கடலோர மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய உள் மாவட்டங்களிலும் பெரும்பாலான இடங்களில் மழை, சில இடங்களில் கனமழை. தஞ்சாவூர், கடலூர் எல்லாம் பெயர் சொல்லி இருந்தது. எங்கள் காற்றுத் திசைகாட்டியும் இரண்டு நாளாகக் கிழக்குக் காற்றையே காட்டிக்கொண்டிருந்தது. ஈரப்பதம் காலையிலிருந்தே இறங்கவில்லை. சந்தேகப்பட ஒன்றுமில்லை. அப்படியே எழுதினேன். 'நெல் வயல்களில் வடிகால் எடுக்கவும். மேலுரம் இடுவதை ஒத்திப்போடவும். சின்ன வெங்காயம் பிடுங்குவதைத் தள்ளிவைக்கவும். பிடுங்கியதை வயலில் காயப்போடாமல் உடனே பட்டறைக்குக் கொண்டுபோகவும்' என்று சேர்த்தேன். மூங்கில் அடித்து மேலே கீற்று போட்டு, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வெங்காயச் சேமிப்புக்குத்தான் எங்கள் பக்கம் பட்டறை என்று பெயர்.

அலுவலரின் விரல் இரண்டாவது வரியில் நின்றது.

"சார், இதை மாத்தணுமா?"

"நம்ம மாவட்டத்துப் பேரு எங்கம்மா இருக்கு?"

"ஒட்டிய உள் மாவட்டம்னு இருக்கே சார். ஜெயங்கொண்டத்தைத் தாண்டினா கடலூர் மாவட்டம். திருமானூர்ல நின்னா எதிர்க்கரை தஞ்சாவூர். ஆத்துக்கு அந்தப் பக்கம் கனமழை, இந்தப் பக்கம் தூறலுன்னு எழுதச் சொல்றீங்களா?"

"பேரு போட்டிருந்தா போடலாம். போடலையே. ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழைன்னு எழுதிக் கொண்டாங்க."

"இது தப்புங்க சார்."

அவர் கோபப்படவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு டீ ஊற்றினார். பிறகு, இன்றைக்கும் என் காதில் கேட்கிற அந்த வாக்கியத்தை, ஏதோ எனக்கு நல்லது சொல்கிற மாதிரி சொன்னார்.

"விஜயாம்மா, சொல்லி வராம போனா எனக்கு மெமோ. சொல்லாம வந்தா அது இயற்கை."

நான் எழுந்து போயிருக்க வேண்டும். என்னால் எழுத முடியாது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று தாளை அவர் பக்கம் தள்ளியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. டீயைக் குடித்தேன். என் இடத்துக்கு வந்து, நல்ல தாள் எடுத்து, அழகான கையெழுத்தில் 'ஓரிரு இடங்களில்' என்று எழுதினேன். வெங்காயத்துக்கான வரிகளும் போய்விட்டன. லேசான மழைக்கு அந்த எச்சரிக்கை எதற்கு?

நாலரைக்கு போன் அடித்தது. அறிக்கையின் அடியில் எங்கள் அலுவலக எண் இருக்கும். பாடாலூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்திலிருந்து பவுனம்மாள். வயது அறுபதைத் தொடும். ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, மருமகளோடு சேர்ந்து தானே விவசாயம் பார்க்கிறவர். படிக்கத் தெரியாது. அதனால் செவ்வாய், வெள்ளி தவறாமல் போன் போட்டுக் கேட்பார். குரலை வைத்தே ஒருவரையொருவர் தெரியும், நேரில் பார்த்ததில்லை.

"மேடம், நல்லாருக்கீங்களா? நாளைக்கு வெங்காயம் புடுங்க ஆள் சொல்லியிருக்கேன். வானம் எப்புடிங்க?"

அலுவலர் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறிக்கையில் உள்ளதைத் தவிர போனில் ஒரு சொல்கூட அதிகமாகச் சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட விதி. நான் வரியைப் படித்தேன்.

"ஓரிரு எடம்னா, எங்கூரு அதுல உண்டுங்களா?"

"அதைச் சொல்ல முடியாதுங்க. வந்தாலும் லேசாத்தான் இருக்கும்."

"லேசான மழைன்னா ஒண்ணும் பண்ணாது. அப்ப புடுங்கிடுறேன் மேடம். மூணு நாள் வெயில்ல கெடந்தா தாளு காஞ்சுடும்."

"சரிங்க" என்றேன்.

வெங்காயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணுக்குள் இருக்கும் வெங்காயம் நாலு நாள் மழையை ஓரளவு தாங்கும். பட்டறையில் இருப்பது தப்பித்துவிடும். பிடுங்கி, தாள் என்கிற மேல் தழையோடு வயலிலேயே காயப்போட்டிருக்கும் வெங்காயத்துக்குத்தான் கதி கிடையாது. அந்த மூன்று நாளும் விவசாயி வானத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். பவுனம்மாள் வானத்தை நம்பவில்லை. என்னை நம்பினார்.

வியாழக்கிழமை மதியம் மழை தொடங்கியது. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ரெயின்கோட் போட்டுக்கொண்டு வேலிக்குள் போனேன். குப்பி நிறைந்து, வெளி உருளையில் வழிந்து நின்றது. ஜாடியை நிரப்பி ஊற்றினேன். மறுபடி நிரப்பினேன். மறுபடியும். ஒவ்வொரு ஜாடியையும் எண்ணிக் குறிக்க வேண்டும். ஐந்தாவது ஜாடியையும் குறித்தேன். ஏழு சென்டிமீட்டரை எப்போதோ தாண்டியாகிவிட்டது. மழை இன்னும் விட்டபாடில்லை. அந்த வேலையில் நான் அழுதது அந்த ஒரு முறைதான். மழையில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

அலுவலர் பதிவைப் பார்த்தார். "நல்ல மழை" என்றார். அன்றைக்கு வெளியான அறிக்கையில் 'கனமழை' என்று எழுத அனுமதி கிடைத்தது. பெய்து முடித்த மழையைப் பெய்யும் என்று சொல்ல யாருக்குத்தான் பயம்?

சனிக்கிழமை மழை விட்டது. பாடாலூருக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊருக்குள் கேட்டுக் கேட்டு வயலுக்குப் போனேன். வரப்பில் ஏறும் முன்பே வாடை அடித்தது. பாத்தியெல்லாம் தண்ணீர். வெங்காயம் அதில் மிதந்து, வாய்க்கால் மூலையில் சிவப்பாக ஒதுங்கிக் கிடந்தது. மருமகள் கூடையால் அள்ளி வரப்பில் கொட்டிக்கொண்டிருந்தாள். பவுனம்மாள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கினால் விரல் உள்ளே போனது.

"யாருங்க?" என்றார்.

"ஆபீஸ்லேர்ந்து வரேங்க. விஜயா."

குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார். உடனே எழுந்தார். நான் வசவை எதிர்பார்த்தேன். "மேடம், இம்புட்டு தூரம் எதுக்கு வந்தீங்க, சேத்துல? வாங்க, வூட்டுக்குப் போலாம், காப்பித் தண்ணி குடிச்சுட்டுப் போலாம்" என்றார். உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமல் திரும்பினேன்.

அந்த மாதக் கடைசியில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். அலுவலர் போனார். கோப்பைச் சுமக்க என்னையும் கூட்டிப் போனார். பாடாலூர்ப் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பவுனம்மாளும் இருந்தார். ஒரு பையில் அழுகிய வெங்காயம் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கூட்டத்தை நடத்திய அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பையைக் கீழே வைக்கச் சொன்னார்.

"ஐயா, கடலோரத்துக்கு மழை வருதுன்னு டிவியில சொன்னாங்களாம். எங்களுக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டார் பவுனம்மாள்.

அலுவலர் எழுந்தார். அதே மென்மையான குரல்.

"அம்மா, முன்னறிவிப்புங்கிறது வாய்ப்புதான். உறுதி கிடையாது. நாங்க சொல்லாம விடல. ஓரிரு இடங்களில் மழைன்னு தெளிவா போட்டிருக்கோம். உங்க ஊரு அந்த ஓரிரு இடத்துல ஒண்ணாப் போச்சு. அவ்வளவுதான்."

மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். யாரோ லேசாகச் சிரித்தார்கள். பவுனம்மாள் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். தப்பு தன் ஊர் மேல் என்பதுபோல நின்றார்.

அந்தச் சிரிப்புதான் என்னை எழுப்பியது. கோப்பை மடியிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஐயா, அந்த வரைவை எழுதினது நான். முதல்ல நான் எழுதினது பெரும்பாலான இடங்களில் மழை, சில இடங்களில் கனமழைன்னு. வெங்காயம் புடுங்காதீங்கன்னும் எழுதியிருந்தேன். மாத்தி எழுதச் சொன்னாங்க. மாத்தி எழுதினேன். அந்த வாரம் ரெண்டு மாவட்டத்துலயும் மழை பதிவாகாத மழைமானி ஒண்ணுகூட இல்ல. அதுக்குப் பேரு ஓரிரு இடம் இல்ல."

அலுவலர் என்னைப் பார்த்துத் திரும்பி, "விஜயாம்மா, உக்காருங்க, உடம்பு சரியில்லையா?" என்றார். கூட்டத்தை நடத்திய அதிகாரி, "அது உங்க ஆபீஸ் விவகாரம். இங்க வேண்டாம். அடுத்த மனு" என்றார். முடிந்தது. என் ஏழு வருட மௌனமும், அதை உடைத்த இரண்டு நிமிடமும், 'அடுத்த மனு' என்ற இரண்டு சொல்லில் முடிந்தது.

வெளியே வந்தபோது வாசலில் பவுனம்மாள் காத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று எங்கோ ஒரு மூலையில் நான் எதிர்பார்த்திருக்கிறேன். அதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

"அன்னிக்குப் போன்ல சொன்னப்பவே, பெரிய மழை வருமுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுதான் லேசா இருக்கும்னு சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது. உங்களைத்தான எனக்குத் தெரியும்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எந்த வசவும் இதற்குப் பக்கத்தில் வராது.

அடுத்த வாரம் மெமோ வந்தது. பொது இடத்தில் அலுவலக நடைமுறையை மீறியதற்கு விளக்கம் தர வேண்டுமாம். நடைமுறையை நான் மீறியது கூட்டத்தில் அல்ல, அந்தச் செவ்வாய்க்கிழமை வரைவை மாற்றி எழுதியபோதுதான் என்று பதில் எழுதினேன். விசாரணைக்கு வந்தவர் கோப்பைப் புரட்டினார். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. "முதல் வரைவுன்னு ஒண்ணு இருந்ததுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார். அந்தத் தாள் யாருடைய சட்டைப் பையில் நாலாக மடிந்து போனது என்று சொன்னேன். அதையெல்லாம் எழுத்தில் கொண்டுவர முடியாது என்றார். பேச்சுவாக்கில், "வேலை முடிய இன்னும் கொஞ்ச வருஷம்தானே, எதுக்கும்மா இதெல்லாம்?" என்று எனக்காக இரக்கப்பட்டார். எனக்குக் கண்டனம். அறிக்கை எழுதும் வேலையிலிருந்து எடுத்து, விதைக் கிடங்கில் சாக்கு எண்ணும் வேலைக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அலுவலர் பதவி உயர்வில் போனார். பிரிவு உபசாரத்தில், இத்தனை வருடத்தில் ஒரு தவறான எச்சரிக்கைகூட கொடுக்காதவர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். அந்த ஐப்பசிக்குப் பிறகு என்று பார்த்தால் அது உண்மைதான். எச்சரிக்கையே கொடுக்காதவர் எப்படித் தவறான எச்சரிக்கை கொடுப்பார்? கூட்டத்தோடு கூட்டமாக நானும் கை தட்டினேனா என்று சுமதி ஒருமுறை கேட்டாள். தட்டவில்லை. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைத் தாண்டி எதுவும் செய்யவில்லை என்பதும் உண்மை.

சுமதி, உன்னோடு இருக்கிற புதியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டு. கம்ப்யூட்டர் எழுதுகிறது என்று தப்பித்துக்கொள்ள முடியாது. அது எழுதிய வரியை அனுப்புகிற விரல் உங்களுடையது. போனில் கேட்கிறவருக்கு உங்கள் குரல்தான் தெரியும்.

ஓய்வு பெற்ற முதல் கார்த்திகையில் நானே பவுனம்மாளுக்கு போன் செய்தேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை. எடுத்தார். நான் இப்போது ஆபீஸில் இல்லை, ஆனாலும் மேலிடத்து நிலவரம் இணையத்தில் வருகிறது, வேண்டுமென்றால் படித்துச் சொல்கிறேன் என்றேன். "சரி, சொல்லுங்க" என்றார். அந்தக் குரலில் பழைய "மேடம்" இல்லை. அதற்குப் பிறகு அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.

இரண்டு வருடம் முன்பு இதே போல ஒரு செவ்வாய்க்கிழமை. கடலோரத்துக்குக் கனமழை என்று வந்திருந்தது. மேலிடம் சொன்னது இது, என் கணிப்பு இது என்று தனித்தனியாகச் சொன்னேன். என் கணிப்பில் உங்கள் பக்கமும் பலமாகப் பெய்யும், வெங்காயத்தில் கை வைக்காதீர்கள் என்றேன். அவர் சொல்லி வைத்திருந்த பன்னிரண்டு ஆட்களையும் வர வேண்டாம் என்று நிறுத்தினார். தாழ்வுப் பகுதி கடலிலேயே வலுவிழந்தது. வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் ஒரு பொட்டு மழை இல்லை. நிறுத்திய ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குள்ளும் அந்த அலுவலர் டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் போட்டேன்.

"பவுனம்மா, நான் சொன்னது தப்பாப் போச்சு. மழை வரல. ஆளையெல்லாம் நிறுத்த வச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

மறுமுனையில் அவர் மருமகளிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பிறகு என்னிடம் வந்தார்.

"மழை வரலன்னா அதுக்கு எதுக்கு மன்னிப்பு? வெங்காயம் மண்ணுக்குள்ளதான இருக்கு, எங்க ஓடிப்போவப் போவுது? ஆளு புதங்கெழம வரேன்னுருக்காங்க. நீங்க செவ்வாக்கெழம நெலவரம் வந்ததும் சொல்லுங்க."